கையைத் தூக்கு

எனக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை போகும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் பிறரை அடித்ததும் பிறர் என்னை அடித்ததுமாகத்தான் என் அக்குளின் வரலாறு இருக்கிறது. அக்குளைப் பற்றி எழுதக் கூச்சமில்லையா என்று கேட்கலாம். தினமும் காலையில் ஒருத்தி அங்கே மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கிற வேலையில் வருஷக்கணக்காக இருந்தவளுக்கு இனி என்ன கூச்சம்?

பழவங்காடியில், பிள்ளையார் கோயிலில் தேங்காய் அடிக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு பெரிய துணிக்கடை. அதன் முதல் மாடியில் பட்டுப் பிரிவு. அங்கே நிற்கிற பெண்கள் சேலையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. தன் மேலேயே சுற்றி, முந்தானையைத் தோளில் போட்டு, கையை உயர்த்திப் பிடித்துக் காட்ட வேண்டும். வாங்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் குனிந்து கொசுவத்தை விரிக்கும்போது நம் அக்குள் சரியாக அவர்கள் மூக்குக்கு நேரே போய் நிற்கும்.

அதனால் கடை திறப்பதற்கு முன்பு ஒரு வரிசை உண்டு. மாடிக்குப் பொறுப்பாளராக ஒரு மலையாளப் பெண். ஐம்பதைத் தாண்டியவள். எல்லோருக்கும் அவள் சேச்சி. 'அவர்' என்று எழுத வேண்டிய வயதுதான், எனக்கு வரவில்லை. ஒவ்வொருத்தியின் முன்னாலும் வந்து நின்று, "கை பொக்கு" என்பாள். கையைத் தூக்க வேண்டும். மூக்கைக் கொண்டுவந்து முகர்வாள். சரியாக இருந்தால், "ம். பொய்க்கோ" என்பாள். போகலாம் என்று அர்த்தம். சரியில்லை என்றால் போய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி கையைத் தூக்க வேண்டும். அடிக்கடி அப்படி நேர்ந்தால் தரைக்கு அடியில் இருக்கிற கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஏசி இல்லை, ஜன்னல் இல்லை, மூட்டை பிரிக்கிற வேலை.

வரிசையில் நான் ஒருத்திதான் தமிழ். என்னிடம் மட்டும் சேச்சியின் மூக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பங்களுக்கு இந்த ஊரில் பாண்டி என்று ஒரு பெயர். சிரித்துக்கொண்டும் சொல்வார்கள், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்வார்கள். முதல் முறை அதை நாற்றத்தோடு சேர்த்துக் கேட்டது பள்ளிக்கூடத்தில். என் பெஞ்சில் இருந்த பெண் பாவாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாண்டி நாறுன்னு" என்றாள். நாறுகிறதாம். என் கையில் ஜியோமெட்ரி பாக்ஸ் இருந்தது. அதன் விளிம்பு அவள் வாயில் பட்டு ரத்தம் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். அம்மா அப்போது கட்டட வேலையில் சித்தாள். சிமெண்டுக் கையோடு வந்தாள். வீடு வரைக்கும் நடுரோட்டில் அடித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் உட்கார வைத்து, துணி துவைக்கிற சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்து என் கக்கத்தைத் தேய்த்தாள். தோல் வழன்று நான் அலறினேன். அவள் நிறுத்தவில்லை. "இன்னொருத்தி சொல்லுவாளா? சொல்லுவாளா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தாள். அந்தப் பெண்ணை நான் அடித்ததற்காக அம்மா என்னை அடிக்கவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் அடித்தாள். எனக்கு அது அன்றைக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் என் கைக்குக் காசு என்று ஒன்று வந்ததும் முதலில் வாங்கியது வியர்வையை அடைக்கிற ரோல்-ஆன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் பஸ்ஸில் ஏறுமுன் ஒன்று. இருபது வருஷத்துக்கு மேல் அதை விட்டு நான் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. கல்யாணத்தன்று தாலி கட்டிக்கொள்ளக் குனிந்தபோதுகூட அதைப் பூசிக்கொண்டோமா என்றுதான் யோசித்தேன். பட்டுப் பிரிவுக்கு என்னை ஏற்றிவிட்டதும் அதுதான். அந்தக் கடையில் பட்டுக்கு வந்த முதல் தமிழ்ப்பெண் நான். அம்மா ஒரு நாள் மாடிப்படி முடிகிற இடம் வரைக்கும் வந்து நின்று, மெரூன் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஏசியில் நிற்பதைப் பார்த்தாள். உள்ளே வா என்று கை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அவள் பார்த்த அந்த இடத்திலிருந்து யாரும் என்னைக் கீழே இறக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பிறகு கட்டி வந்தது. முதலில் பட்டாணி அளவு. நான் அதன் மேலேயே ரோல்-ஆனை உருட்டினேன். எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அது எலுமிச்சை அளவு ஆனது. கையைக் கீழே போட முடியவில்லை, மேலே தூக்கவும் முடியவில்லை. ஆனாலும் காலையில் கை பொக்கு என்றால் தூக்கினேன். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, மரத்துப்போகிற ஊசி சீழுக்குள் அவ்வளவாக வேலை செய்யாது என்று சொல்லிவிட்டு, கத்தியை வைத்தாள். நர்ஸ் என் தோளை அமுக்கிப் பிடித்தாள். நான் அந்த நர்ஸின் கையைக் கடித்தேன். வருத்தப்பட்டேன், ஆனால் கடித்தேன். காயத்துக்குள் துணியைத் திணித்துக் கட்டிவிட்டு டாக்டரம்மா சொன்னாள்: "அந்த சாதனம் இனி தேய்க்கருது, கேட்டோ. இனியும் தேய்ச்சா இனியும் கீறேண்டி வரும்." இனி அதைத் தேய்க்கக் கூடாது, மறுபடி தேய்த்தால் மறுபடி அறுக்க வேண்டி வரும் என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலைத் தரையில் போட்டு உடைத்தேன். அது பிளாஸ்டிக், உடையவில்லை. அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு வந்து உடைத்தேன். வீடு முழுக்க அந்த வாசனை அடித்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தென்காசிப் பக்கம், கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை. வெயிலில் நின்று சட்டை உப்புப் பூத்துப்போக வியர்க்கிற மனுஷன். அவரை யாரும் ஒரு நாளும் கையைத் தூக்கச் சொன்னதில்லை.

"என்ன ஆளோ நீ. பாட்டில் என்ன செஞ்சுது ஒன்ன?" என்றார்.

"நாளைக்கு நான் நாறுவேன்" என்றேன்.

"நாறிட்டுப் போ. நானும்தான் நாறுதேன். ரெண்டுபேருமா நாறுவோம்."

காயம் மூடியதும் போனில் ஒரு வீடியோ பார்த்து நானே ஒன்றைச் செய்தேன். தேங்காய் எண்ணெய், இங்கே பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற கூவைப்பொடி, கொஞ்சம் அப்பச்சோடா, வாசனைக்கு வெட்டிவேர்த் தைலம். வியர்வையை இது அடைக்காது. வியர்க்கட்டும், நாற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்கிற சமாசாரம். தேன்மெழுகும் சேர்க்கச் சொன்னாள் வீடியோக்காரி. அது கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் போலக் கெட்டியாக வந்தது. முதல் தடவை சோடா கூடிப்போய்த் தோல் எரிந்து உரிந்தது. வெந்த இடத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, அந்த வீடியோக்காரி கையில் கிடைத்தால் என்னென்ன செய்வேன் என்று குளியலறையில் நின்று உரக்கச் சொன்னேன். அடுத்த தடவை சோடாவைக் குறைத்தேன்.

முதல் சில வாரங்கள் என் உடம்பு என்னைப் பழிவாங்கியது. இத்தனை வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு வந்த மாதிரி இருந்தது. புளித்த மாவும் ஈரச் சாக்கும் வெங்காயமும் கலந்த ஒரு வாடை. எனக்கே குமட்டியது. "கொத்தனாருக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். எவர்சில்வர் டம்ளரை எடுத்து எறிந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், டம்ளர் சுவரில் பட்டு நசுங்கியது. அது இப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும்.

கடையில் கேலி இல்லை. சேச்சியின் மூக்கு வந்தது, நின்றது, பின்வாங்கியது. "அய்யே" என்றாள். "பாண்டி நாற்றம் திரிச்சு வந்தல்லோ." திரும்பி வந்துவிட்டதாம். எங்கேயோ போயிருந்த விருந்தாளி மாதிரி. மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நான் போய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி கையைத் தூக்கினேன். கோயிலில் யாரோ தேங்காய் அடித்தார்கள். கீழே மேனேஜரிடம் சொல்லிக் கிடங்குக்கு மாற்றிவிடுவேன் என்று தினமும் மிரட்டினாள். தினமும் என் மனசுக்குள் அவளை மாடிப்படியில் உருட்டிவிட்டேன். எப்படி விழுவாள், எந்தப் படியில் தலை அடிபடும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

மெல்ல மெல்ல வாடை அடங்கியது. ஒரு காலையில் சேச்சி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"எந்தா இது?"

"ராமச்சம், சேச்சி." வெட்டிவேருக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர்.

"வேற மருந்து ஒண்ணும் இல்லே?"

"இல்ல சேச்சி. வீட்ல செஞ்சதாக்கும்."

அவள் மூக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. குற்றம் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வழியாக, "ம். பொய்க்கோ" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

சேச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல் தட்டில் இருக்கிற சேலையை அவள் ஒருநாளும் தானாக எடுத்ததில்லை. "நீ எடு" என்பாள். முழங்கை வரைக்கும் வருகிற ரவிக்கைதான் போடுவாள், எந்த வெயிலிலும். அதிகாரத் திமிர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

விஷு கழிந்து கல்யாணக் கூட்டம் வந்தது. ஒரு நாள் பகலில் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குக் கொடுக்கிற கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நடு நாற்காலியில். ரத்தச் சிவப்பில் ஒரு காஞ்சிபுரம் அவளுக்குப் பிடித்துவிட்டது. உடுத்திக் காட்டச் சொன்னாள். சுற்றி முடித்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டும்தான், ஏசிக்கு இல்லை. சிறிது நேரத்தில் அந்தத் தளம் இட்லிக் கொப்பரையாகிவிட்டது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். தேங்காய் எண்ணெய் இங்கே மார்கழி விடியலில் மட்டும் கொஞ்சம் உறையும், மற்றபடி தண்ணீர்தான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பூசி, ஏசியில் நின்று பழகிய நான் அதை மறந்துபோனேன். பூசியதெல்லாம் உருகி இடுப்பு வரைக்கும் வழிந்தது. எனக்குத் தெரிந்தபோது பட்டுக்கும் தெரிந்துவிட்டது. அக்குளுக்குக் கீழே, சிவப்பின் மேல் கைப்பிடி அகலத்துக்குக் கருப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு.

"எந்தா அது?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள்.

சேச்சி சிரித்துக்கொண்டே வந்தாள். அவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்தாள். "க்ஷமிக்கணும். பாண்டிப் பெண்ணாணு. எத்ர பறஞ்சாலும் விருத்தி இல்லா" என்றாள். எவ்வளவு சொன்னாலும் இவளுக்குச் சுத்தம் வராதாம். சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் என் கையைத் தலைக்கு மேலே இழுத்துத் தூக்கினாள். முகர்வதற்காக முகத்தைக் கொண்டுவந்தாள்.

தழும்பு பிளந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. புதுத் துணியை நாங்கள் கிழிப்போமே, அந்தச் சத்தம். எண்ணெயின் மேல் ரத்தம் இறங்கியது. கல்யாணப் புடவையின் மேல் ரத்தம். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இடது கையால் சேச்சியை அறைந்தேன். அவள் கண்ணாடி பறந்து நாற்காலிக்கு அடியில் விழுந்தது.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் என் கொண்டையைப் பிடித்தாள், நான் அவள் ரவிக்கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் விரித்துப் போட்டிருந்த சேலைகளின் மேல் விழுந்தோம். பட்டு வழுக்கும், எழுந்திருக்க முடியாது. அவள் நகம் என் கழுத்தில் இறங்கியது. நான் அவள் கையை முறுக்கித் தலைக்கு மேல் அழுத்தினேன். ரவிக்கை தையலோடு பிரிந்தது. என் முகம் அவள் அக்குளில் போய் விழுந்தது.

அங்கே கறுத்த முடிச்சுகள் இருந்தன. ஒன்றில்லை, பல. பழைய கீறல்களின் கோடுகள். ஒன்றின் மேல் பிளாஸ்திரி, அதன் ஓரத்தில் மஞ்சள். நான் உடைத்தேனே, அதே ரோல்-ஆனின் வாசனை, அதற்கு அடியில் சீழின் வாடை. எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி முகர்ந்தவள், இதை வைத்துக்கொண்டு முகர்ந்திருக்கிறாள்.

நான் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள். என் முடியை விட்டுவிட்டாள். கையை உடம்போடு ஒட்டி இறுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தாள். வாட்ச்மேன் வந்து எங்களைப் பிரித்தபோது பிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மேனேஜர் அறையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் அக்குளில் ஒரு துவாலை. அவள் தோளில் யாரோ போர்த்திவிட்ட சால்வை. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் கெட்டுவிட்டதென்று சொல்லிப் போய்விட்டார்கள். யார் முதலில் கை வைத்தது என்று மேனேஜர் கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார்.

'அவங்களைக் கையைத் தூக்கச் சொல்லுங்க சார்.' இது ஒன்றைச் சொன்னால் போதும். மறுநாளே அவள் கிடங்கில் இருப்பாள். வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. 

நான் சொல்லவில்லை. இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இத்தனை வருஷம் தூக்கியது என் கை. அந்தக் கணக்கை ஒரு ஆம்பளைக்கு முன்னால் போட்டுத் தீர்க்க எனக்கு மனசில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு மட்டும்.

"கோவம் வந்துச்சு சார்" என்றேன். என்னைக் கிடங்குக்கு இறக்கினார்கள்.

கிடங்கில் நான் முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு மூட்டையையும் கொலை செய்கிற மாதிரி அறுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை நான் மாடியில் நிற்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிடங்கில் எல்லோருக்கும் வியர்க்கும். வரிசை கிடையாது. முதுகில் வழிவது தரையில் சொட்டும், யாரும் கண்டுகொள்வதில்லை. காயம் மறுபடி மூடியது. வீட்டுக்காரர் அப்போது விதுரைப் பக்கம் ஒரு வீடு கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பொன்முடி ரோட்டில் தேன் விற்கிறவர்களிடமிருந்து ஒரு கட்டித் தேன்மெழுகு வாங்கிக்கொண்டு வந்தார். "இந்தா, இனி உருகாது. டம்ளரையும் எறியாத" என்றார். மெழுகு சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்தேன். மத்தியான வெயிலில் வீட்டு ஜன்னலில் வைத்தும் அது அசையவில்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கிடங்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சேச்சி. வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கையை எனக்குத் தெரியும். கீழேயும் போட முடியாது, மேலேயும் தூக்க முடியாது.

மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"டாக்டர் பறஞ்சு, இனி அது தேய்க்கருதுன்னு" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அந்த ராமச்சம்... கொறச்சு தருமோ?"

கொஞ்சம் தருவாயா என்று கேட்கிறாள். டப்பா என் பையில்தான் இருந்தது. எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"கை பொக்கு" என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. திரும்பிப் படியைப் பார்த்தாள். யாருமில்லை. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தூக்கினாள். முழுதாகத் தூக்கினாள்.

கிட்டே போய் மூக்கை வைத்தேன். அவசரப்படவில்லை. என்னிடம் எவ்வளவு நேரம் தங்கினாளோ அவ்வளவு நேரம் தங்கினேன். சீழ், மருந்து, வியர்வை. நாறத்தான் செய்தது. எந்த ஊர் நாற்றம் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அது இனித்ததா என்று கேட்டால், இனித்தது. பொய் சொல்வானேன்? அப்புறம் அவள் மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தேன், இனிப்பு அதோடு போயிற்று. குழாயடியில் நான் உட்கார்ந்திருந்தபோது என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் கையை நானே பிடித்து மெல்ல இறக்கினேன். டப்பாவை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். காயம் மூடுகிற வரைக்கும் பூசாதே என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது அதில்லை.

"ம்," என்றேன். "பொய்க்கோ."